பால் ஊற்றிய மண்குழல்

மழை விட்ட மூன்றாம் நாள், மற்றதெல்லாம் விரல் உயரத்திலேயே நிற்க, ஷர்மினி பால் ஊற்றிய மண்குழல் மட்டும் ஒரு சாண் வளர்ந்திருந்தது.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, எண்ணெய்ச் செம்பனைக்கு மாறிப்போன பழைய ரப்பர் தோட்டத்தில், அவள் வீட்டுப் பின்வேலியை ஒட்டியே சுடுகாடு. குழந்தைகளை எரிக்காமல் புதைக்கும் மூலையில் ஒற்றை ரப்பர் மரம் மிஞ்சியிருந்தது. மூச்சில்லாமல் பிறந்த மகளைப் போன தை மாதம் அதன் அடியில்தான் மண்ணுக்குக் கொடுத்தாள். அடைமழைக்குப் பிறகு, மக்கிய இலையும் ஈரச் செம்மண்ணும் மணக்க, அங்கே முப்பது நாற்பது மண்குழல்கள் முளைத்திருந்தன. புற்று என்று நினைத்துவிட்டாள். புற்றைக் கண்டால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? அதில் ஒன்றுக்கு மஞ்சள் தூவி, குங்குமம் வைத்து, பால் ஊற்றினாள். ஊரில் எல்லாரும் புதிதாக ஒரு பிள்ளை கேட்பார்கள். பைத்தியக்காரி, இவள் போன பிள்ளையைத் திருப்பிக் கேட்டாள்.

வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பத்துமலை மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இது புத்து இல்லலா தங்கச்சி. சில்வண்டு குஞ்சு கட்டுனது. வருசக்கணக்கா மண்ணுக்குள்ள கெடக்கும். மழத்தண்ணி ஏறுனா உள்ளேருந்தே சேத்த உருட்டி இப்படி கட்டி, உச்சிய மூடிட்டு காத்திருக்கும். நேரம் வந்தா ஒடச்சிட்டு வந்து, மேல ஏறி, தோல உரிச்சிட்டுப் போயிரும்."

"அப்ப இது மட்டும் ஏன்ணே இவ்ளோ பெருசு?"

அவர் குனிந்து, பக்கவாட்டில் ஒரு சில்லைப் பெயர்த்துத் திருப்பினார். உட்புறத்தில் வரிசையாகக் கட்டைவிரல் அழுத்திய தடங்கள். சுண்டுவிரல் நகத்தளவுதான் ஒவ்வொன்றும்.

"இனிமே பாலு ஊத்தாதீங்க," என்றவர் பாதிப் புல்லை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவள் ஊற்றவில்லை. ஆனாலும் வளர்ந்தது. லூமுட்டில் வேலை செய்யும் கணவன் பவித்ரன் சனிக்கிழமைதான் வருவான். வெள்ளிக்கிழமைக்குள் குழல் அவள் இடுப்பைத் தொட்டது. அன்று பொழுது சாய்ந்ததும், பின்கட்டெல்லாம் புளித்த பால் வாடை அடிக்க, காது கிழியக் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரே நொடியில் அடங்கின. மண் உடையும் சத்தம் கேட்டது.

பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அறைக்குள் ஓடிக் கட்டிலோரம் ஒடுங்கினாள். கேட்டது அவள்தான். இப்போது வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சுவரில் பிறாண்டல். மெதுவாக. மேல்நோக்கி. பிறகு ஈரத் துணி கிழிவது போல நீளமாக ஒரு சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

வெகு நேரம் கழித்து அறையை விட்டு வந்து விளக்கைப் போட்டாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதற்கு மேலே, மண்நிறத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து விரல்கள். மூடிய இமைகள். ஒரே ஒரு முறை பார்த்த முகம். முதுகு உச்சியிலிருந்து இடுப்புவரை பிளந்து, உள்ளே வெறுமையாக, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டு.

கதவின் உள்பக்கத்தில்.