குகைக்குள் இருக்கும் வளைவு

ரோலர் கோஸ்டர் வண்டியில் காலி இருக்கையின் பாதுகாப்புக் கம்பி முழுவதுமாக இறங்கவில்லை. ஆள் இல்லையென்றால் அது மெத்தையைத் தொட வேண்டும். முன்னால் இருந்த காலி இருக்கைகளில் எல்லாம் அப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தது. தையல்காரருக்குப் பக்கத்தில் மட்டும் ஐந்து விரல்கடை உயரத்தில் நின்றுவிட்டது. கம்பளிக் குல்லாய்க்குள் வியர்த்துக்கொண்டிருந்த ஊழியப் பெண் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

"மழை பெஞ்சா இது இப்படித்தான் மக்கர் பண்ணும் சார். பச்சை லைட் வந்திருச்சு, பூட்டிக்கிச்சுன்னு அர்த்தம். நீங்க பாட்டுக்கு உக்காருங்க."

தையல்காரர் தலையாட்டினார். முப்பது வருடம் நாடா பிடித்தவர், கண்ணாலேயே அளவு சொல்லிவிடுவார். ஐந்து விரல்கடை என்றால் ஏழு வயதுப் பெண்ணின் தொடை. அந்த அளவில் ஒரு கால்சட்டை, பாதி தைத்தபடி, வீட்டுப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் இந்தச் சவாரியின் பெயர் பனிமலை இல்லை, ராட்சசன் குகை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருடம் பூட்டி வைத்து, சுவருக்கு வெள்ளையடித்து, ராட்சசனைக் கரடியாக்கி, ஆளுக்கொரு கம்பி போட்டுத் திறந்துவிட்டார்கள். சட்டையை மாற்றினால் உள்ளே இருப்பவன் மாறிவிடுவானா என்ன! வண்டியின் விளிம்பில் வெள்ளை உரிந்த இடமெல்லாம் பழைய பச்சை பல்லிளித்தது.

அப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அது அவருடைய தொந்தியில் முட்டி நின்றுவிட்டது. பட்டாணி என்று அவர் கூப்பிடும் மகளின் மடிக்கு மேலே ஒரு சாண் வெற்றிடம்.

"எனக்கு வேணாம்ப்பா, பயமா இருக்கு."

"பயந்தாங்கொள்ளி! அப்பா கையைப் பிடிச்சுக்கோ. விடவே மாட்டேன்."

கடைசி வரைக்கும் பிடித்திருந்தேன், குகைக்குள் இருக்கும் வளைவுதான் அவளைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். விசாரிக்க வந்தவர்களும் எழுதிக்கொண்டார்கள். அவர் மனைவி அந்த ஒரு வார்த்தையில்தான் உயிர் வாழ்கிறாள். "கடைசி வரைக்கும் அவ அப்பா கையிலதான் இருந்தா, அது போதும் எனக்கு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள், சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள். அவருக்கு நினைவிருப்பதோ வேறு. வண்டி நின்றபோது அவருடைய இரண்டு கைகளும் கம்பியில் இருந்தன.

அதனால்தான் அவளிடம் சொல்லாமல் இன்று வந்திருக்கிறார். யார் கையாக இருந்தாலும் பிரித்துவிடும் வளைவுதான் அது என்று உடம்பால் ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். வீட்டுக்குப் போய் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிடலாம்.

வண்டி நகர்ந்தது. சங்கிலி பல் பல்லாகக் கவ்வி மேலே இழுக்க, ஈர சிமெண்டு வாசனையும் கிரீஸ் வாசனையும் செயற்கைப் புகையின் இனிப்பும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, கீழே குடைகளும் கூரைகளும் சின்னதாகிக்கொண்டே போக, அவர் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தை மட்டும் மெல்ல முனகியது. உட்கார்ந்திருப்பவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் வரும் முனகல்.

உச்சி. இறக்கம். குகையின் வாய்.

இருட்டு.

இடது உள்ளங்கைக்குள் ஏதோ நுழைந்தது. சின்னது. வியர்த்திருந்தது. சுண்டு விரலில் ஊசி குத்தின தழும்பு. அவருடைய தையல் மெஷினில் விளையாடி வாங்கிக்கொண்ட தழும்பு.

"பட்டாணி," என்றார்.

பிடித்துக்கொண்டார். இறுக்கமாக. வளைவு வந்தது. வண்டி சாய்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

இவ்வளவுதானா?

டவுன் பஸ் திரும்புகிற மாதிரி ஒரு திருப்பம். கையைப் பிய்க்கும் வேகம் அதில் இல்லவே இல்லை. ஒரு குழந்தையைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கை போதும்.

அப்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. வயிறு ஒரு கணம் காலியானது. அவருடைய கை தானாகத் திறந்தது. இரண்டு கைகளும் கம்பியில் இருந்தன.

பக்கத்தில் சத்தமே இல்லை.

வெளிச்சம் வந்தது. மேடையும் வந்தது. வண்டி நிற்கவில்லை. ஊழியப் பெண் சிவப்புப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்ப்பது தெரிந்தது, அவள் வாய் என்னவோ கத்தியது. சங்கிலி மறுபடி கவ்வியது. மெத்தை மறுபடி முனகியது.

இந்த முறை விட மாட்டேன். சத்தியமாக விட மாட்டேன். இருட்டில் அந்தக் கை வந்ததும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், கும்பிட்டார். வளைவு. குலுக்கல். பயம்.

கம்பி. இரண்டு கைகளும்.

"ஐயோ, எனக்கு வேணாம்," என்று அலறினார். "இறக்கி விடுங்க, என்னால முடியாது!"

மேடை வந்தது, போனது. பொத்தானை விட்டுவிட்டு அந்தப் பெண் எங்கோ ஓடிக்கொண்டிருந்தாள். உச்சி. இறக்கம். அவர் கைகளைக் கம்பியில் கோத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். குகை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

இருட்டில் அந்தச் சின்ன விரல்கள், கொஞ்சமும் கோபமில்லாமல், அவர் கையை ஒவ்வொரு விரலாகக் கம்பியிலிருந்து பிரித்து, உள்ளே நுழைந்துகொண்டன.