வந்தவர்கள் பூஜ்யம்

மாவட்டத் திட்ட அலுவலகத்தின் மாடிப்படியில் ஏறும்போதே அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எந்த அலுவலகப் படியில் ஏறினாலும் அவருக்கு அப்படித்தான் படும். கிராமப்புற மாவட்டங்கள் போட்டு அனுப்பும் நிலத் திட்டங்களையும் சாலைத் திட்டங்களையும் சரிபார்ப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைச் சலிக்காமல் செய்வதால் தலைமை அலுவலகத்தில் அவருக்குச் ‘சல்லடை அம்மாள்’ என்று பட்டப்பெயர். பெயர் வைத்தவர்கள் யாரென்று அவருக்குத் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேசைமேல் வரைபடம் விரிந்து கிடந்தது. வயலுக்குப் பச்சை, வீட்டுக்கு மஞ்சள், சாலைக்குச் சிவப்பு. வரைபடக்காரர் ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். ஊருக்கு வெளியே கிளம்பி, முட்புதருக்குள் போய் முடிகிற பழைய மண் சாலை அது. அந்த நிலத்தைக் கிடங்கு கட்டக் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு முப்பது பேருக்குக் குறைவாக நடந்தால் சாலையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்பது விதி. ஆனால் எண்ணிக்கைத் தாளில் முப்பதுக்கு மேலே இருந்தது.

போனவர்கள் நாற்பத்து மூன்று. வந்தவர்கள் பூஜ்யம். ஐந்து நாள் எண்ணியதிலும் அதே நாற்பத்து மூன்று, அதே பூஜ்யம்.

சல்லடை அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவருக்குக் குஷி வந்துவிட்டதற்கு அடையாளம். காலையில் போகிற மனிதன் மாலையில் வீடு திரும்பியாக வேண்டும். வேறு வழியாகத் திரும்பலாமே என்று வரைபடக்காரர் இழுத்தார். வேறு வழி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார் அம்மாள். படத்தில் இல்லை. பொய் எழுதத் தெரிந்தவர்கள்கூட இரண்டு பக்கமும் நிரப்புவார்கள். இது பொய்யிலும் சோம்பேறித்தனமான பொய் என்று அவருக்குத் தோன்றியது.

எண்ணிய பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒல்லியாக இருந்தாள். தற்காலிக வேலை, அந்த வாரம்தான் அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும். வீட்டில் பத்தாவது படிக்கும் மகளும் படுத்த படுக்கையாக மாமியாரும் இருப்பதை அவள் சொல்லவில்லை, வரைபடக்காரர்தான் சொன்னார்.

“பார்த்ததைத்தான் எழுதினேன் மேடம்,” என்றாள் அவள்.

நாளைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன், இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் மறுநாளிலிருந்து நீ வர வேண்டாம் என்று சல்லடை அம்மாள் முடித்துவிட்டார். அவள் தலையாட்டினாள். பயந்தவள் மாதிரித் தெரியவில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது.

காலை ஆறு மணிக்கு ஜீப் அவர்களை மண் சாலையின் முனையில் இறக்கிவிட்டு மரத்தடிக்குப் போனது. அந்தப் பெண் சாலையின் குறுக்கே சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டாள். ஓரத்தில் இரண்டு முக்காலிகள், ஒரு பெரிய குடை, ஆளுக்கொரு அட்டையில் செருகிய தாள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

எட்டு மணி வரை ஒரு காக்கைகூடக் கடக்கவில்லை. சல்லடை அம்மாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு சாலையைப் பார்த்திருந்தார். பக்கத்தில் மட்டும் பேனா கீறும் சத்தம் அவ்வப்போது கேட்டது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று அவர் திரும்பினார். அவள் தலை குனிந்தே இருந்தது.

“சாலையைப் பார்க்காதீங்க மேடம்,” என்றாள் மெதுவாக. “கோட்டைப் பாருங்க. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆளைப் பார்த்தா எண்ணிக்கை தப்பிடும்.”

அது உண்மைதான். அப்படியொரு விதி இருப்பது அவருக்கும் தெரியும். மூஞ்சியைப் பார்க்க ஆரம்பித்தால் கோட்டைத் தாண்டுவதைத் தவறவிடுவோம். சரி, பார்த்துவிடுவோம் என்று அவரும் குனிந்து வெள்ளைக் கோட்டில் கண்ணை நிறுத்தினார்.

முதலில் வாடை வந்தது. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

பிறகு மணல் நெரிந்தது.

ஒரு ஜோடி வெறுங்கால் கோட்டைத் தாண்டிப் போனது.

சல்லடை அம்மாள் சடாரென்று நிமிர்ந்தார். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வெயில்தான் இருந்தது. குனிந்தார். இப்போது வார் அறுந்து ஊக்கு மாட்டிய செருப்பு ஒன்று. அதன் பின்னால், பெரியவர் கையைப் பிடித்து நடப்பதுபோல் தத்தித் தத்தி இரண்டு சின்னக் கால்கள். சுண்ணாம்பில் ஒரு பொடிகூடக் கலையவில்லை.

அவருடைய பேனா தானாகக் கோடு போட்டது. உடம்பு வெடவெடக்கும்போதும் வேலையை விடாத ஜாதி அவர்.

மூன்றே முக்காலுக்கு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதில் ஏதோ ஏமாற்று வேலை இருக்கிறது, கண்ணாடியோ கம்பியோ வைத்து யாரோ விளையாடுகிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்தார். கோட்டைத் தாண்டி முட்புதர் வரை நடந்தார். கம்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ஒரு காலடித் தடமும் இல்லை. சாலை முடியும் இடத்தில் நின்றபோது யாரோ உரசிக்கொண்டு போனதுபோல் தோள் சில்லிட்டது. வந்த வேகத்தில் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை.

மாலை ஆறு மணியானது. சல்லடை அம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஏழைப் பெண்ணைப் பொய்க்காரி என்று நினைத்தோமே என்று மனசு உறுத்தியது. தன் தாளின் அடியில், ‘இந்த ஊழியர் எழுதுவது அனைத்தும் உண்மை. இல்லாததை எழுதுவதில்லை, நடந்ததை விடுவதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

பிறகு அவள் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். அவருடையது நாற்பத்து மூன்று. அவளுடையது நாற்பத்து நான்கு.

“ஏம்மா, ஒண்ணு கூடுதே?”

அவள் விரல் நேரக் கட்டத்தில் ஓடி நின்றது. “மூணே முக்கால். அது நீங்க மேடம்.”

சல்லடை அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோட்டைத் தாண்டினால் அதிகாரியானாலும் எண்ணத்தானே வேண்டும்.

“சரி. அப்ப வந்த பக்கம் ஒண்ணு போடணுமே. மறந்துட்டியா?”

“மறக்கலை மேடம். கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. யாரும் திரும்பி வரலை.”

“நான் வந்தேனே.”

அவள் ‘வந்தவர்கள்’ கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். பூஜ்யம்.

“அப்ப இங்க உட்கார்ந்திருக்கிறது யாரு?”

அவள் தன் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தாள். முக்காலியை இழுத்துக்கொண்டு நாலு அடி பின்னால் போனாள். அவள் பார்த்த பார்வையைச் சல்லடை அம்மாளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருடம் மற்றவர்களை அவர் பார்த்த பார்வைதான் அது.

மரத்தடியிலிருந்து டிரைவர் வந்தார். அவள் அவர் காதோரம் ஏதோ கிசுகிசுத்து, அம்மாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைப் பிரித்துக் காட்டினாள். டிரைவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு சல்லடை அம்மாளின் பாதங்களைப் பார்த்தார்.

ஜீப்பை எடுக்கச் சொன்னார் அம்மாள். டிரைவர் நகரவில்லை. இவள் எழுதியது தப்பு, பொய் என்றார் அம்மாள்.

“நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம்,” என்றாள் அந்தப் பெண். குரலில் திமிர் இல்லை. பாவமாகத்தான் சொன்னாள்.

அப்போது முட்புதர்ப் பக்கம் மணல் நெரிந்தது.

“டிரைவர், எவ்வளவு நேரமா கூப்பிடறேன்? காது கேக்கலையா? ஜீப்பை எடுங்க.”

சல்லடை அம்மாளின் குரல். அதே அலுப்பு, அதே அதட்டல்.

ஆனால் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

“இதோ வந்துட்டேன் மேடம்,” என்றார் டிரைவர், அந்தப் பக்கம் பார்த்து. நிம்மதியாக மூச்சு விட்டபடி சாவியை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

காலடி நெருங்கியது. சல்லடை அம்மாள் கத்தப் பார்த்தார். தொண்டையிலிருந்து பூட்டிய வீட்டின் வாடைதான் வந்தது.

அந்தப் பெண் குனிந்து வெள்ளைக் கோட்டையே பார்த்தாள். பிறகு ‘வந்தவர்கள்’ கட்டத்தில், நிதானமாக, ஒரு கோடு போட்டாள்.