மங்கம்மாள் வீட்டு விருந்தாளிகள்

“கீழ வைக்காதீங்க அத்தை! கையிலயே வச்சிக்கோங்க!”

ரம்யா வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள். கூடையை இறக்கப்போன மங்கம்மாள் அத்தை குனிந்தபடியே நின்றுவிட்டார்.

“இன்னா பாப்பா? பாம்பா?”

“இல்ல அத்தை. உள்ள இருக்கறது பூனைக்குட்டிங்கதானே?”

ஆமாம், இரண்டு குட்டிகள். ஒன்று சாம்பல் நிறம். இன்னொன்று கறுப்பு வெள்ளை. இரண்டும் தலையை நீட்டி ரம்யாவைப் பார்த்து, ‘மியா’ என்றன. அவள் கை தானாக நீண்டது. சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

போன மாதம்தான் அவளுடைய மூன்று பூனைகளும் அடுத்தடுத்து செத்துப்போயின. வாந்தி, வயிற்றுப்போக்கு. அப்பா அவற்றை ஆலங்காயம் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கொண்டுபோய்க் காட்டியும் பிழைக்கவில்லை. “இந்தக் கிருமி மாசக்கணக்கா வீட்லயே இருக்கும். ஊசி போடாத குட்டிய உள்ள கொண்டுவராதே” என்று மாட்டு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மா வெளியே வந்தார். “வாங்கிக்கோ ரம்யா. எலி சாமை மூட்டையக் கடிச்சிக் கடிச்சிக் கொட்டுது. வூட்டத்தான் நல்லா கழுவிட்டோமே.”

“கழுவினோம்மா. ஆனா கிருமி இன்னும் இருந்தா? இதுங்களும் செத்துட்டா?”



“நான் இன்னா பண்ணட்டும்?” என்றார் மங்கம்மாள் அத்தை. “மக பிரசவத்துக்கு நாளைக்கே செங்கம் போறேன். வர நாளாவும். தெருவுல வுட்டா நரி தூக்கிட்டுப் போய்டும்.”

ரம்யா தெருக்கோடியில் இருந்த அத்தையின் வீட்டைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“அத்தை, இதுங்க உங்க வூட்டுலயே இருக்கட்டும். சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. தெனமும் நான் வந்து சோறு வைக்கிறேன்.”

“என் வூட்டப் பூனைக்கு வாடகைக்கு வுடச் சொல்றியா?”

“வாடகைய எலியாத் தரும் அத்தை.”

அத்தை கூடை குலுங்கச் சிரித்தார். “என் கட்டில்ல மட்டும் படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

“நானும் சொல்றேன். அதுங்க கேக்குமான்னு தெரியாது.”

“அப்போ என் சாமை?” என்றார் அம்மா.

“என் வூட்டு டிரம்மு சும்மாதான் கெடக்கு. எடுத்து சாமையக் கொட்டி மூடி வை” என்றார் அத்தை.

மறுநாள் முதல் ரம்யாவுக்கு வேலை அதிகம். அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவாள். கைகால்களை சோப்பு போட்டுக் கழுவுவாள். அங்கேயே வைத்திருந்த பழைய கவுனை மாட்டிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் குட்டிகளைத் தொடுவாள். அவை அத்தையின் கட்டிலில்தான் படுத்திருக்கும்!

ஒரு மழைநாளில் அவள் கிளம்பும்போது சாம்பல்குட்டி காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. அதைக் கட்டிலில் விட்டுக் கதவைச் சாத்தினாள். வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

வீட்டில் அம்மா, செத்துப்போன பூனைகள் படுத்த கோணியை எரித்தார். மூலை முடுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவினார். அப்பா, டாக்டர் சொன்ன நாட்களில் எல்லாம் ரம்யாவோடு குட்டிகளை ஆலங்காயம் கொண்டுபோய் ஊசி போட்டுவந்தார். கடைசி ஊசி போட்டுச் சில வாரங்கள் கழிந்தபின், டாக்டர், “இனிமே உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்” என்றார்.

குட்டிகள் வீட்டுக்கு வந்தன. ஆனால் ரம்யாவின் பயம் போகவில்லை. குட்டிகள் ஒழுங்காகச் சாப்பிடுகின்றனவா என்று அவற்றின் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் சாம்பல்குட்டி ‘உவ்வே’ என்று வாந்தி எடுத்தது.

“அம்மா!”

அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். தரையில் இரண்டு புல். ஒரு வெட்டுக்கிளியின் கால்.

“திருட்டுப் பயலே! வெட்டுக்கிளிய முழுங்கினியா?” என்றார் அம்மா.

குட்டி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே தட்டுக்குப் போய்ப் பாலை நக்கிக் குடித்தது. கறுப்பு வெள்ளையின் பங்கையும் சேர்த்துக் குடித்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து ரம்யாவின் மடியில் ஏறியது.

அம்மா அடக்கமுடியாமல் சிரித்தார். ரம்யாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்று பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை அவள் மடியில் ஒரு பூனை நிம்மதியாகத் தூங்கியது.