ஜப்தியில் இருந்த குமிழ்வீடு

இப்போதெல்லாம் மனிதர்கள் எதற்கும் நேரில் வருவதில்லை. கல்யாணமோ துக்கமோ, தங்களைப் போலவே தலையாட்டும் ஒரு தகரப் பொம்மையை அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். நிலவின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்று வரிசையில் நின்ற நாற்பது பேரில் மூச்சு விட்டவர் கிழவர் சடையாண்டி ஒருவர்தான்.

கடனைக் கட்டாமல் ஒருவன் செவ்வாய்க்கு ஓடிவிட்டான். அவனுடைய குமிழ்வீட்டை வங்கி ஏலம் விட, சடையாண்டி எடுத்தார். பத்திரம் பதிவானால்தான் குமிழுக்குக் காற்றுக்குழாயைத் திறப்பார்கள். அவரிடம் பத்து நாள் காற்றுதான் மிச்சம்.

பதிவாளர் இடத்தில் இருந்தது ஓர் எந்திரம். ‘பதிவி’ என்று பெயர். லஞ்சம் வாங்கிவிடக் கூடாதென்று அதற்குக் கையே வைக்கவில்லை. முத்திரைக் கட்டை நெற்றியில் இருந்தது.

“இந்தச் சொத்தின் மேல் நீதிமன்ற ஜப்தி உள்ளது. பதிய இயலாது.”

“ஜப்தி போன வருசம் வந்தது. பேங்க்ல அடமானம் வச்சது அதுக்கும் முந்தி. முந்துனவனுக்குத்தான் பாத்தியதைன்னு அந்தக் கோர்ட்டே எழுதிக் குடுத்திருக்கு. ஒனக்குப் படிக்கத் தெரியுமா, இல்ல நீயும் என்னைய மாதிரியா?”

பதிவி இமைக்கும் நேரத்தில் இருநூறு ஆண்டுச் சட்டத்தையும் புரட்டியது. “நீங்கள் சொல்வது சரி. தாள்களும் சரி.”

“அப்பக் குத்து.”

“நாளைக்கு வாங்க.”

நிலவில் ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே பூமிக் கணக்கில் இருபத்தொன்பதரை நாள். சடையாண்டிக்கு இப்போதே மூச்சு முட்டியது.

“எல்லாஞ் சரின்னுட்டு எதுக்குடா நாளைக்கு?”

“இருநூறு ஆண்டுகளாகப் பதிவாளர்கள் நடந்துகொண்டதைப் பார்த்துத்தான் நான் பயிற்சி பெற்றேன். தாள்கள் சரியாக இருந்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.”

கிழவர் அதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். “ஆமா, ஒனக்கு எந்த ஊரு?”

பதிவிக்குள் ஏதோ கிறுகிறுத்தது. “உடல் வார்த்தது வத்தலக்குண்டில்.”

“அட! நான் பக்கத்துல நிலக்கோட்டைப்பா!”

“அண்ணே! மொதல்லயே சொல்லக் கூடாதா? உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்!” என்ற பதிவி, குனிந்து நெற்றியால் பத்திரத்தில் டொம்மென்று முட்டியது. ஜப்தி, வில்லங்கம் எல்லாம் ஒரே முட்டில் தீர்ந்தது.

வரிசையில் நின்ற தகரங்கள் அத்தனையும் ஒரே குரலில், “எனக்கும் நிலக்கோட்டைதாண்ணே!” என்றன.

சடையாண்டி பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகினார். டீக்கு நிற்கவில்லை. எந்திரத்தின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். மூடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“எந்திரமாம், எந்திரம்! உள்ள எவனோ உக்காந்திருக்கான்” என்று முனகிக்கொண்டே வெளியே நடந்தார்.