முள் எடுத்த சோறு

இரவுச் சோறு தின்றுவிட்டுக் கை கழுவப் போன ருகையாவின் கையில் செம்பு தானாக ஆடியது. விரல் நுனியில் தொடங்கிய நடுக்கம் மணிக்கட்டு, தோள், முழங்கால் என்று பரவி, முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும் என்றானது. இந்த மாதம் முழுக்க இப்படித்தான். பசியில் நடுங்கினால் சரி, வயிறு நிறையத் தின்ற பிறகு யாருக்காவது நடுங்குமா? உம்மா பதுருன்னிஸாவும் அதே சோற்றைத்தான் தின்றாள், அதுவும் ஒரே தட்டில். அவள் கைக்கு ஒன்றும் இல்லை.

காயல்பட்டினத்து வீடுகளில் சஹன் என்னும் பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தின்பார்கள். இந்த வீட்டுச் சஹனுக்கு மூன்று பக்கம்: உம்மா, ருகையா, அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஹாமிது. சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி அவனுக்குக் கண் செருகிப் போனதிலிருந்து, தாடி முளைத்த பிறகும் உம்மாதான் அவனுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பாள். சதையை விரலால் அமுக்கி, முள் இருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, மெல்ல உருவுவாள். ருகையா தன் முள்ளைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் அவளுக்குப் பொறாமை உண்டு. ஆனால் உம்மா பாராத நேரத்தில் காக்கா நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவிடுவான், பொறாமை போய்விடும்.

போன வருஷம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணியில் அவனும் போனான். தோணி போய்ச் சேரவில்லை. உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம், கடலில் எது எதை விழுங்கியது என்று யார் கண்டார்கள்? மவுத்துதான், இனி வரமாட்டான் என்று ஊர் முடிவு செய்தபோது உம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "எம் புள்ள ஹயாத்தோட இருக்கான். பசிச்சா வருவான்" என்றாள். அன்றிலிருந்து இரவுதோறும் அவன் பக்கத்திலும் சோறு விழுந்தது, முள் எடுத்த மீனோடு. காலையில் அதைக் கோழிகளுக்குப் போடுவது ருகையாவின் வேலை.

இந்த மாதம் கோழிகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்தப் பக்கம் துடைத்து வைத்தது போல இருக்கும். உம்மாவுக்குத் துக்கத்தில் பசி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஹக்கீம் நாடி பிடித்துப் பார்த்து, ரத்தம் போதாது என்று சொல்லி, உடன்குடிக் கருப்பட்டி கரைத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தாள், நடுக்கம் நிற்கவில்லை. கரிப்புகை கக்கும் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய் டாக்டரம்மாவையும் பார்த்தார்கள். அந்த அம்மாள் கழுத்தைத் தடவிப் பார்த்து வீக்கம் இல்லை என்றாள். சிலருக்குச் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடு என்றாள். கடைசியாக, "வீட்டுல எதுக்காவது பயப்படுதியா?" என்று கேட்டாள்.

உம்மா முந்திக்கொண்டாள். "அவளுக்கு என்ன பயம் டாக்டரம்மா? நாந்தானே கூட இருக்கேன்."

நாளுக்கு நாள் வளையல்கள் முழங்கையை நோக்கி ஏறின. இப்படியே போனால் பெருநாளைப் பார்க்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் கட்டிக் கொடுத்தாவது அனுப்புவார்கள். இங்கே கல்யாணம் ஆனாலும் பெண் உம்மா வீட்டில்தான், மாப்பிள்ளைதான் வந்து போவான். தினமும் படுக்குமுன் உம்மா அவள் விரல்களுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் தேய்த்து, எலும்புவரை அமுக்கிவிட்டாள்.

உம்மா எதையோ கலக்கிறாளோ என்று ஒருநாள் தோன்றியது. பெற்றவளைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும், உம்மா தண்ணீர் மொள்ளப் போனபோது சஹனைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்தாள். உம்மாவின் பக்கம் இப்போது அவளுக்கு, அவளுடைய பக்கம் உம்மாவுக்கு. தின்று எழுந்ததும் அதே நடுக்கம் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். சோற்றில் ஒன்றும் இல்லை. உம்மா நல்லவள்.

மறுநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, தலைவலி, சோறு வேண்டாம் என்று அறையில் படுத்துக்கொண்டாள். தின்னாவிட்டால் நடுங்காது அல்லவா? ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஊரே விளக்கை மறைத்து வைத்திருந்தது. கறுப்புக் காகிதம் சுற்றிய அரிக்கேன் வெளிச்சம் வாசல் திரைக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. சஹனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. சோறு விழும் சத்தம். பிறகு ஒரு நாற்றம் வந்தது. சிறுமியாக இருந்தபோது முத்துக்குளிப்பு நடந்த வருஷம் கரையெல்லாம் அடித்த நாற்றம், சிப்பி குவியல் குவியலாக அழுகும் நாற்றம். முத்துக்குளிப்பு நின்று பதினைந்து வருஷம் ஆகிவிட்டது.

மெல்லும் சத்தம் கேட்டது.

இரண்டு வாய்கள்.

ருகையாவின் விரல் நுனி ஆடியது. அவள் ஒரு பருக்கை தின்னவில்லை. மெல்லும் சத்தம் நின்றது, விரலும் நின்றது. மறுபடி மென்றது. மணிக்கட்டு ஆடியது. விழுங்கியது. முழங்கால் துவண்டது.

சுவரைப் பிடித்து எழுந்து திரையை விலக்கினாள்.

உம்மா திடுக்கிடவில்லை. அவளுக்கு எதிரே, காக்காவின் பக்கத்தில், விளக்கு எட்டாத இருட்டு. இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் சஹனுக்கு நீண்டிருந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. சுண்டுவிரலில் காக்காவின் வெள்ளி மோதிரம்.

"உம்மா..."

"இங்கன வாளா."

"எனக்குச் சோறு வேண்டாம் உம்மா."

"நீ திங்காட்டாலும் பரவால்ல. வந்து இரி."

அந்தக் குரலில் அவ்வளவு அன்பு. அந்த அன்பில்தான் எல்லாம் புரிந்தது. கருப்பட்டி, பஸ், டாக்டரம்மா, எண்ணெய், எல்லாமே அவள் இன்னும் கொஞ்ச நாள் தாங்க வேண்டும் என்பதற்காக. உம்மா எப்போதோ கணக்குத் தீர்த்து, இரண்டு பிள்ளைகளில் ஒருவரை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"நானும் உன் புள்ளதானே உம்மா?"

 உம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கத் தேவையிருக்கவில்லை, ருகையா தானாகச் சஹன் ஓரத்தில் சரிந்தாள். உம்மா அவள் கையைச் சஹனில் வைத்தாள். சோறு சூடாக இருந்தது.

"காக்கா," என்று கெஞ்சினாள். எத்தனையோ நல்ல துண்டுகளை அவள் பக்கம் தள்ளிய விரல்கள். அவை சோற்றைத் தாண்டி, மெல்ல, அவள் பக்கம் வந்தன.

"பொறு வாப்பா," என்றாள் உம்மா இருட்டிலிருந்த மகனைப் பார்த்து, செல்லமாக. "தொண்டையில சிக்கிரும்."

பிறகு விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, குனிந்து, ருகையாவின் சுண்டுவிரலை அமுக்கித் தடவிப் பார்த்து, முள் எடுக்கத் தொடங்கினாள்.