கவனம், படி!

பட்டாசு என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பாள் என்று ஆறாம் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது.

அந்த மாதம் டீச்சர் ஒரு புது வேலை கொடுத்தார்.

"நம்ம தெருவுல ஏதாவது ஒரு தொல்லையைக் கண்டுபிடிங்க. நீங்களே சரி பண்ணுங்க. மொழி, கணக்கு, அறிவியல் எல்லாப் பாடமும் அதுக்குள்ளயே இருக்கு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"டீச்சரா? வாயே திறக்க மாட்டாங்களா?" என்று பின்வரிசையில் முணுமுணுத்தான் ஒட்டடைக்குச்சி. வகுப்பிலேயே நெட்டையானவன் அவன்.

தொல்லையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கு அடுத்த கட்டடம் பொது நூலகம். அதன் வாசலில் ஒரு படி. அரைச் சாண் உயரம்தான். ஆனால் படியும் தரையும் ஒரே சாம்பல் நிறம். பாதிப் பேர் அதில் காலை இடித்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள்.

பலகை மாட்டுவது என்று வகுப்பு முடிவு செய்தது. நூலகரும் சரி என்றார். வாசகம் பட்டாசு சொன்னது. கொட்டை எழுத்தில் எழுதினார்கள்:

கவனம், படி!

ஒட்டடைக்குச்சி எட்டி அதை வாசலுக்கு மேலே மாட்டினான்.

அன்று சாயங்காலம் பட்டாசு தன் அப்பாவை அழைத்துவந்தாள். அவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே போன வருடம்தான். நூலகத்துக்கு வர அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பா பலகையை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார்.

"க...வ...னம்... ப...டி. ஓ, கவனமாப் படிக்கணுமா? நல்ல வார்த்..."

தடால்!

உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இந்த இடத்துக்கும் எனக்கும் ஒத்துவராதும்மா. இனிமே கூப்பிடாதே."

பட்டாசு நமுத்துப்போனாள்.

மறுநாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னாள்.

"நூலக வாசல்ல 'படி'ன்னு எழுதினா யாருக்குப்பா காலு ஞாபகம் வரும்?" என்று தலையில் அடித்துக்கொண்டான் ஒட்டடைக்குச்சி.

"இன்னும் பெரிய பலகை வைப்போம்!" என்றது முன்வரிசை.

"வேண்டவே வேண்டாம்," என்றாள் பட்டாசு. "நாமளே பேசி நாமளே மாட்டிட்டோம். இடிச்சுக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா?"

போய்க் கேட்டார்கள்.

"இடுப்புல குழந்தை, கையில பை. இதுல பலகையை வேற பாக்கணுமா?" என்றார் ஒரு அக்கா.

"எனக்கு எல்லாமே ஒரே சாம்பலாத்தான் தெரியுது," என்றார் தடிமனான கண்ணாடி போட்ட ஒருவர்.

வீட்டில் அப்பாவையும் விடவில்லை. "எதைப் பார்த்துப்பா நடப்பீங்க?"

"நடக்கிறப்போ தரையைப் பார்ப்பேன். படிக்கிறப்போ எழுத்தைப் பார்ப்பேன். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கென்ன நாலு கண்ணா?"

பட்டாசு துள்ளிக் குதித்தாள். "எல்லாரும் கீழ பாக்கிறாங்க. நாம மேல எழுதி வெச்சிருக்கோம்!"

கணக்கு வகுப்பு நூலக வாசலுக்கு வந்தது. படியின் நீளத்தை அளந்து, எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அறிவியல் வகுப்பில் வண்ணத்தாள்களைத் தரையில் வைத்து, மங்கிய வெளிச்சத்தில் எது பளிச்சென்று தெரிகிறது என்று பார்த்தார்கள். மஞ்சள் ஜெயித்தது. நூலகரிடம் மறுபடி கேட்டுக்கொண்டு படியின் விளிம்பில் பட்டையாகப் பூசினார்கள். பெயின்ட் காயும்வரை யாரும் மிதிக்காமல் இருக்க ஒட்டடைக்குச்சி காவல் நின்றான். மிதித்த ஒரே ஆள் அவன்தான்.

"ஒரே ஒரு தடவை வாங்கப்பா," என்று கெஞ்சினாள் பட்டாசு. "நீங்க விழுந்தா நானும் கூடவே விழுறேன்."

"நல்ல பொண்ணு போ!" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார் அப்பா.

வாசல் வந்தது. பட்டாசு அப்பாவின் காலையே பார்த்தாள். அப்பா பேச்சை நிறுத்தவே இல்லை. மஞ்சள் கண்ணில் பட்டதும் அவர் கால் தானாக உயர்ந்தது. உள்ளே போய்விட்டார்.

வாசலிலிருந்து கழற்றிய அதே பழைய பலகை இப்போது படிக்கும் மேசைக்கு மேலே தொங்கியது. அப்பா எழுத்துக் கூட்டினார்.

"க...வனம், படி! அட, இப்பதான் இது சரியான இடத்துக்கு வந்திருக்கு."

ஒரு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

அவர் முதல் பக்கத்தை முடிக்கும்வரை பக்கத்தில் இருந்த பட்டாசு வாயே திறக்கவில்லை.