மதியம் தூங்காத டீச்சர்

மதியம் 1:20. லியூ அம்மா போட்ட கூச்சலில் எங்கள் சந்து மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது.

"ஐயோ, என் தங்கக் காரையைக் காணோமே! வீட்டுக்குள்ளயே திருடியை வச்சு சோறு போட்டிருக்கேனே!"

சைகோனில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறினால் ஊரே திட்டும். வாடகை பைக் ஓட்டுகிறவர்கள் பைக்கின் மேலேயே காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். அலுவலகங்களில் விளக்கை அணைத்து மேசைக்கடியில் பாய் விரிப்பார்கள். நூடுல்ஸ் வண்டிக்கார அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவாள். வெயில் மட்டும் தனியாளாகச் சந்துக்குள் வந்து, சுவரைத் தடவி, கதவுக்குக் கதவு நின்று பார்த்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் நடந்தது எதையும் யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. பாதி நடந்தது, பாதி கனவு.

லியூ அம்மாவின் வீடு ஒல்லியானது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தளம். கீழே முன்கூடத்தில், பூட்டிய இரும்புக் கதவை ஒட்டிப் பாய் விரித்து, சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு லியூ அம்மா தூங்குவாள். முதல் மாடியின் முன்னறை வாடகைக்கு இருக்கும் மாரிவிக்குடையது. பின்னறை மூத்த மருமகள் தோவாவுக்கு. மேல்தளத்தில் முன்னோர் படம் வைத்த பூஜையறை, அதை அடுத்துத் துணி காயும் மொட்டைமாடி. பூஜையறை இழுப்பறையில்தான் அந்தக் காரை இருந்தது. கழுத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் கனத்த தங்கம். ஞாயிற்றுக்கிழமை இளைய மகனுக்குக் கல்யாணம். வரப்போகிற பெண்ணின் கழுத்தில் மாமியார் கையால் போட வேண்டியது.

வெளியிலிருந்து யாரும் வரவில்லை. கதவு பூட்டியபடி இருந்தது, மகன்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தது மூன்று பெண்கள். இருவர் தூங்கினார்கள். ஒருத்தி தூங்கவில்லை.

அந்த ஒருத்தி மாரிவிக். பிலிப்பைன்ஸ்காரி, முப்பத்துநாலு வயது, குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறவள். பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண், வாயைத் திறந்தால் வேற்றூர். மூன்று வருடமாகச் சந்தில் இருக்கிறாள், எங்கள் பேச்சைத் தத்தித்தத்திப் பேசுவாள். ஆனாலும் தினம் யாராவது, "எந்த ஊரு? கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகல?" என்று கேட்காமல் விடுவதில்லை. யாரும் எதுவும் கேட்காத ஒரே நேரம் இந்த மதியம்தான். அதனாலேயே அவளுக்கு மதியம் பிடிக்கும். ஊரெல்லாம் மயங்கிக் கிடக்க, தான் மட்டும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல அறைக்குள் மெல்ல நடமாடுவாள்.

1:30-க்குள் அக்கம்பக்கத்தார் அவள் அறையில் கூடிவிட்டார்கள். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். உள்ளாடை வரை உதறிப் பார்த்தார்கள். காரை இல்லை. நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

1:40. வட்டாரக் காவலர் கியெம் வந்தார். அரைத்தூக்கத்தில் எழுப்பிக் கூட்டி வந்ததால் தலைக்கு வைத்துத் தூங்கிய கோப்பின் விளிம்பு கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது. பெரிய கொட்டாவி ஒன்றை விட்டார்.

"தம்பி, இவ காகிதத்துல நீ கையெழுத்துப் போடவே கூடாது" என்றாள் லியூ அம்மா. அவள் கன்னத்தில் பாயின் கோரை வரிவரியாகப் பதிந்திருந்தது.

மாரிவிக்கின் முகம் வெளுத்தது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க நாளை கடைசி நாள். அதற்குக் கியெமின் கையெழுத்து வேண்டும். திருட்டுப் புகார் இருந்தால் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லையென்றால் வேலை இல்லை, அறை இல்லை, மூன்று வருட வாழ்க்கையைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

"முதல்ல நீங்க சொல்லுங்க சித்தி" என்றார் கியெம். "கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பதினொண்ணே முக்காலுக்கு. துடைச்சு உள்ள வச்சேன். கீழ வந்து படுத்தேன். ஒண்ணு இருபதுக்கு ஊதுவத்தி ஏத்தப் போனா, இழுப்பறை காலி."

"அப்புறம்?"

"கத்தினேன். தோவா ஓடிவந்தா. இவ வரல. நான் மேல கத்துறேன், இவ கீழ ஓடுறா! எதுக்குக் கீழ ஓடணும்? கேளு."

"டீச்சர்?" என்று கியெம் மாரிவிக்கின் பக்கம் திரும்பினார்.

"மதியம் தூங்கலையா?"

"எனக்குத் தூக்கம் வராது அண்ணே."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"ஒன்றரை மணி நேரமா?"

"ஆமா."

"சட்டை பிழிஞ்சா தண்ணி சொட்டும்போல இருக்கே. விசிறி ஓடுது, ஏன் இவ்ளோ வேர்வை?"

அவள் விசிறியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "வெயில்."

"மடியில கனம் இருந்தா வேர்க்காதா?" என்று கூட்டத்தில் ஒருத்தி சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

கியெம் சிரிக்கவில்லை. அறையைச் சோம்பலாகச் சுற்றி வந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. வலது கை மடிப்புக் கலையாமல் விறைப்பாக நின்றது, இடது கை கசங்கித் துவண்டிருந்தது. மேசையில் மூடி பிரித்த நூடுல்ஸ் கிண்ணம். உள்ளே நூடுல்ஸ் காய்ந்தபடியே இருந்தது. பக்கத்தில் கெட்டில். தொட்டுப் பார்த்தார். சூடும் இல்லை, பச்சைத் தண்ணீரும் இல்லை.

"தோவா, நீ?"

தோவா வாசலில் நின்றிருந்தாள். முப்பத்தொன்பது வயது, பதினாறு வருடமாக இந்த வீட்டு மருமகள். சந்தில் மாரிவிக்குக்கு முதல் முதலில் பழம் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

"நான் அசந்து தூங்கிட்டேன் அண்ணே. பின்னறையில, பாயில. விசிறி ஜில்லுன்னு மூஞ்சிக்கு நேரா வீசுச்சு. அத்தை கத்தினப்புறம்தான் முழிச்சேன்."

"சத்தம் எதுவும் கேக்கல?"

"எதுவும் கேக்கல." கொஞ்சம் தயங்கினாள். "சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். ஆனா வீட்டுல முழிச்சிட்டிருந்தது இவ ஒருத்திதானே."

மாரிவிக் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். தோவா முந்தாநாள்கூட அவள் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டவள்.

கியெம் தோவாவின் முகத்தைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. பிறகு அவள் முழங்கைக்கு மேலே பார்த்தார். அங்கே சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிவந்திருந்தது. எதுவும் சொல்லாமல் இன்னொரு கொட்டாவி விட்டார்.

"சித்தி, குடியிருக்கறவங்களுக்கு நீங்க என்னென்ன விதி போட்டிருக்கீங்க?"

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"செருப்பு உள்ள வரக் கூடாது. ராத்திரி பத்துக்கு மேல ஆளுங்க வரக் கூடாது. அறையில இஸ்திரி போடக் கூடாது. பழைய வயரு. வேணும்னா கீழ அடுப்படியில போட்டுக்கட்டும். இவளுக்கு முன்ன இருந்தவ போட்டா. அன்னிக்கே மூட்டையைக் கட்டச் சொல்லிட்டேன்."

"ஃப்யூஸ் பெட்டி எங்க?"

"கீழ, என் பாய்க்கு நேர் மேல. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சுவிட்சு."

கியெம் தலையாட்டினார். "எல்லாரும் கீழ போய் நில்லுங்க. தோவா, நீ மட்டும் மதியம் படுத்திருந்த மாதிரியே போய்ப் படு. கதவைச் சாத்திக்கோ. நான் கூப்பிடற வரைக்கும் வராதே."

"எதுக்குண்ணே?"

"எனக்குத் தூக்கக் கலக்கம்மா. யோசிக்க நேரம் வேணும்."

2:05. தோவா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூட்டம் கீழே இறங்கியது, நானும்தான்; மேலே நடந்ததைப் பின்னாளில் மாரிவிக்கே எனக்குச் சொன்னாள். மாடியில் கியெம், மாரிவிக், லியூ அம்மா மூவரும் நின்றார்கள். கியெம் கட்டிலுக்கடியில் குனிந்து, துணிக்குப் பின்னால் ஒளித்திருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். மாரிவிக் கண்களை மூடிக்கொண்டாள். அவர் இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் ஒன்றாகச் செருகி இரண்டையும் போட்டார்.

கீழே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். விசிறி தளர்ந்து சுற்றி, நின்றது. அறைக்குள் இருந்த காற்று அப்படியே கெட்டியானது. நெற்றியில், மேலுதட்டில், முதுகில் வேர்வை முளைத்தது. தெருவில் யாரோ வானொலியைப் பாதியில் நிறுத்தினார்கள். பெண்கள் இருவரும் எதற்கென்று தெரியாத ஒன்றுக்காகக் காத்து நின்றார்கள்.

ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். பின்னறைக் கதவு படாரென்று திறந்தது.

"அண்ணே, கரண்டு போச்சு! உள்ள வேகுது!" என்றபடி தோவா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நின்றாள்.

கியெம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கூப்பிடாம வராதேன்னேன். ஒன்றரை நிமிஷம் உன்னால தாங்க முடியல. ஆனா மதியம் முழுக்க விசிறி இல்லாம அசந்து தூங்கியிருக்கே. இந்த ஊர்ல செத்தவங்களைத் தவிர வேற யாராலயும் அது முடியாதும்மா."

தோவா பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், எத்தனை மணிக்கு டக்குனு நின்னுச்சு?"

மாரிவிக்கின் கண்ணில் நீர் முட்டியது. "பன்னிரண்டே காலுக்கு. ரெண்டரைக்குப் பெத்தவங்க எல்லாரும் என் வகுப்பைப் பார்க்க வர்றாங்க. சட்டை கசங்கியிருந்துச்சு. கீழ போய் இஸ்திரி போட்டா சித்தி முழிச்சுப்பாங்க. ஒரு கைக்கு இஸ்திரி போட்டேன், கூடவே நூடுல்ஸுக்குக் கெட்டிலும் போட்டுட்டேன். எல்லாம் நின்னுடுச்சு."

"கீழ போய் சுவிட்சைத் தூக்கி விட்டிருக்கலாமே?"

"தூங்கறவங்க தலைக்கு மேலயா? அதான் உட்கார்ந்தே இருந்தேன். பின்னறையில அக்காவுக்கும் விசிறி நின்னிருக்குமே, இப்போ வந்து திட்டப் போறாங்கன்னு கதவையே பார்த்துட்டிருந்தேன். அவங்க வரவே இல்ல. பாவம், அவ்ளோ அலுப்புபோலன்னு நினைச்சேன். சித்தி மேல கத்தினப்போ கீழ ஆளில்ல. ஓடிப்போய்ப் போட்டுட்டேன்."

"இதை அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்றாள் லியூ அம்மா.

அயலூரில் வாழ்கிறவர்களுக்கே உள்ள பயம் அது. சின்னத் தப்பை ஒத்துக்கொண்டால் பெரிய தப்பையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்திருப்போம்.

கியெம் தோவாவின் கையைக் காட்டினார். "பாயில படுத்தா கோரை வரிவரியாப் பதியும், சித்தி கன்னத்துல பாருங்க. இவ கையில கட்டம் கட்டமா இருக்கு. வலை ஊஞ்சல்ல படுத்தாத்தான் அப்படிப் பதியும். இந்த வீட்டுல ஊஞ்சல் எங்க இருக்கு சித்தி?"

"மொட்டைமாடியில" என்றாள் லியூ அம்மா. குரல் இறங்கிவிட்டது.

"மேல்தளத்துக்கு வேற சுவிட்சு. அங்க எதுவும் நிக்கல. அதனால இங்க கரண்டு போனதே இவளுக்குத் தெரியாது. காரை எங்கம்மா?"

தோவா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"துணிக் கிளிப்புக் கூடையில. திருடலண்ணே. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்னுதான். போட்டுக்கிட்டு ஊஞ்சல்ல சாஞ்சேன். சுத்தியும் வெள்ளைப் படுதாவா காயுது, காத்துல ஆடுது. எனக்கே கல்யாணம் நடக்கற மாதிரி ஒரு கனவு. முழிச்சா அத்தை இழுப்பறையைத் திறந்து கத்துறாங்க. கழுத்துல காரை. எப்படி எதிர்ல போய் நிக்கறது? கழட்டிக் கூடையில போட்டுட்டு, அத்தை முதுகுக்குப் பின்னால படியிலேர்ந்து ஓடிவர்ற மாதிரி வந்து நின்னேன்."

"அதுக்குப் பழியை அவ தலையில போடுவியா?" என்று கத்தினாள் லியூ அம்மா.

"நீங்கதான் அத்தை மொதல்ல போட்டீங்க! நான் பார்த்துட்டிருந்தேன். அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டேன்." தோவா விசும்பினாள். "மூத்த மருமக நான். எனக்குப் போடாம, சின்னவனுக்கு வர்றவளுக்குன்னு பதினாறு வருஷம் பெட்டிக்குள்ள வச்சிருந்தீங்க. அவ இன்னும் இந்த வீட்டுப் படி ஏறல. அவளுக்கு அது, எனக்குப் போட்டது வெறும் தோடு."

லியூ அம்மா எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலத்தில் மூத்த மகன் தோவாவைக் கட்டிக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது சந்துக்கே தெரியும். ஆனால் மருமகள் அதை இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"புகார் எழுதட்டுமா சித்தி?" என்றார் கியெம்.

"என்ன புகார்? வீட்டு விஷயம். நீ போய்த் தூங்கு."

"சரி. டீச்சர், காகிதத்தைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

மாரிவிக் காகிதத்தைக் கொடுத்தாள். அவர் கையெழுத்திட்டு நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஒரு புகார் இருக்கு."

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"என் பெட்டியைக் கொட்டினாங்க. என் துணியை உதறினாங்க. நான் திருடின்னு சந்து முழுக்கக் கேட்டுச்சு. இல்லன்னு இந்த அறைக்குள்ள நாலு பேருக்குத்தான் தெரியும். நாளைக்கு நான் இதே சந்துல நடக்கணும்."

லியூ அம்மாவின் முகம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மருமகள் எடுத்தாள் என்று சொன்னால் குடும்ப மானம் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் மானம் போகும். தோவா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பிறகு லியூ அம்மா மாரிவிக்கின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். இரும்புக் கதவைத் தாண்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தின் நடுவில் போய் நின்றாள்.

"காரை கிடைச்சிடுச்சு! நானேதான் வேற எடத்துல வச்சுட்டு மறந்துட்டேன்! யாரும் எடுக்கல. எங்க டீச்சர் திருடி இல்ல. நான்தான் புத்தி கெட்ட கிழவி!"

மாடி ஜன்னலில் தோவா எழுந்து நின்றாள். பதினாறு வருடத்தில் மாமியார் தனக்காக வாங்கிக்கொண்ட முதல் அவமானம் அது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கூட்டம் முணுமுணுத்தபடி கலையப் பார்த்தது. மாரிவிக் நகரவில்லை.

"சித்தி" என்றாள், தத்தித்தத்தி, ஆனால் தெளிவாக. "அப்போ இதைவிடச் சத்தமாச் சொன்னீங்க."

லியூ அம்மா அவளை முறைத்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி, மூச்சை நன்றாக இழுத்து, மறுபடி முதலிலிருந்து கத்தினாள். இந்தமுறை சந்துக் கோடியில், கரண்டியைப் பிடித்தபடி மறுபடி தூங்கிப்போயிருந்த நூடுல்ஸ்காரம்மாவுக்கும் அது கேட்டது.